ஆகஸ்ட் மாதம் குடித்த கார்

அசுன்சியோன்,
வியாழன் காலை

பிரிபெபுய் ஊரில் வசிக்கும் மைத்துனர் எலாதியோ அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியும் மாடுகளும் நலமாயிருக்க காக்குபே மாதா அருள்வாளாக. நான் நலமில்லை. என் கார் அதைவிட மோசம். இரண்டுக்கும் காரணம் தாங்கள்தான் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர்கள். காகிதத்தைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கக் கொஞ்சமாவது கூச்சம் வரும்.

தங்கள் அக்காள், என் மனைவி நிமியா இன்று மாலை வருகிறாள். ஸ்பெயினில் யாரோ ஒரு கிழவிக்குத் தலைவாரிவிட்டே ஐந்து வருடத்தைக் கழித்தவள், மூன்று வார விடுப்பில் வருகிறாள். அவள் புறப்பட்டுப் போன அன்று விமான நிலைய வாசலில் இறங்கும்போது கார்க் கதவின் கைப்பிடி கையோடு கழன்று வந்தது தங்களுக்கும் தெரியும், பின்சீட்டில் இருந்தீர்கள். "உன்கிட்ட எதுவும் சரியாவே ஆகாது, சில்வினோ" என்று சொல்லி, அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கைப்பிடியை மாட்டிவிட்டேன். வீட்டுக் கூரை ஒழுகலை அடைத்துவிட்டேன். போகாதே என்று கெஞ்ச எனக்கு வராது. புவியியல் வாத்தியாருக்கு எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்லத்தான் தெரியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளுக்குக் காட்ட என்னிடம் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான்.

குளிர் முடிந்து செப்டம்பரில் முதல்முறை ஏசியைப் போட்டேன். காற்று வரும் துவாரங்களிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், நனைந்த நாய் ஒன்று சாராயக் கடையில் படுத்தெழுந்து நேராக என் மூக்குக்குள் வந்த மாதிரி. தட்டில் காப்பிப்பொடி வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள், வைத்தேன், முதல் சிக்னலிலேயே தட்டு கவிழ்ந்து பொடி முழுவதும் என் கால்சட்டையில், அன்று வகுப்பில் ஒரு பையனும் பாடத்தைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு போர்ஃபீரியா அம்மாள் தகர டப்பாவில் தணல் போட்டு, யெர்பா தேயிலையும் சர்க்கரையும் கருக்கி, கார் முழுக்கப் புகை காட்டினாள். பழைய நாற்றம் போகவில்லை, அதற்குத் துணையாகக் கருகிய சர்க்கரையும் சேர்ந்தது, சர்க்கரையைத் தேடி எறும்புகள் வந்தன. மெக்கானிக் கிரீஸ்புலோ வேறு என்னைத்தான் திட்டினான். குளிர்ச்சியோடு வண்டியை நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்குமாம், வீடு வருவதற்கு முன்பே குளிரை அணைத்து வெறும் விசிறியை ஓடவிட்டுக் காய வைக்க வேண்டுமாம். அதற்காகத் தினமும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனைவி போன துக்கத்தில் வாத்தியாருக்கு வீடு மறந்துவிட்டது என்று தெருவில் பேச்சு.

நேற்று அவன் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை உருவினான். முகர்ந்து பார்த்தான். "வாத்தியாரே, உங்க வண்டி குடிச்சிருக்கு" என்றான். வடிகட்டி முழுவதும் அழுகிய அருவதா மூலிகை இலை. ஓர் எலுமிச்சைத் தோல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதற்கு மேல் மரியாதை வராது, எலாதியோ.

ஆகஸ்ட் முதல் தேதி விடியற்காலையில் பாட்டிலோடு வந்து நின்றாய். கரும்புச் சாராயம், அருவதா, எலுமிச்சை. வெறும் வயிற்றில் ஒரு மடக்குக் குடித்தால் மாடுகளையும் மனிதர்களையும் கொண்டுபோகும் அந்த மாதத்தைத் தாண்டிவிடலாம், சரி. படித்தவன் நான், உன் மனம் நோகக்கூடாதென்று இரண்டு மடக்குக் குடித்தேன். பிறகு நீ வெளியே போய், "வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு மச்சான், அதுவும் ஆகஸ்டைத் தாண்டணும்ல" என்று முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துவாரங்களில் ஊற்றினாய். கண்ணாடி கழுவுகிறாய் என்றல்லவா நினைத்தேன்! என் கல்யாண விருந்தில் எழுந்து நின்று, மாப்பிள்ளைக்குக் கை மெலிசு, கிணற்றில் நீர் இறைக்க ஆகமாட்டார் என்று சொன்னவன்தானே நீ. என் ஏணியை வாங்கிப்போய் உன் மாமரத்துக்கே தாரைவார்த்தவன்தானே.

எல்லாவற்றையும் கழுவியாகிவிட்டது. உள்ளே நுரை அடித்து, நீர் வடியும் குழாயைக் குத்தி, புது வடிகட்டி போட்டு, லாவெண்டர் வாசனையும் தெளித்தாயிற்று. உன் சுவடு துளிகூட இல்லை. இனி நீ என் வீட்டுக்கு வர வேண்டாம். ஆகஸ்டில் வர வேண்டாம். ஏணியைத் திருப்பித் தரும் சாக்கில்கூட வர வேண்டாம். ஏணி உன்னிடமே இருக்கட்டும்.

உன் மாடுகளுக்கு என் ஆசிகள். அவற்றோடு எனக்குப் பகையில்லை.

இப்படிக்கு,
சில்வினோ ஒகாம்போஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விமான நிலையம் போக நேரமாகிவிட்டது. இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். நிமியா இளைத்திருக்கிறாள். காரில் ஏறினாள், கைப்பிடி கழலவில்லை, அதை அவள் கவனிக்கவுமில்லை. ஏசியைப் போட்டேன். "அந்தக் கிழவி ரூம்லயும் இதே லாவெண்டர்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதறிப்போய், உன்னைக் காட்டிக்கொடுப்போம் என்று கதை முழுவதையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "அங்கயும் ஆகஸ்ட் வருது, போகுது. வாயில ஒரு மடக்கு ஊத்த ஆளில்ல" என்றாள். பிறகு குனிந்து, காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்து, "கொஞ்சம்கூடவா மிச்சம் வைக்கல, சில்வினோ?" என்று கேட்டாள். நானும் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, என் பக்கத்துத் துவாரத்தில் முகர்ந்து பார்த்தேன். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். லாவெண்டர்தான். எவ்வளவு திறமையாகக் கழுவித் தொலைத்திருக்கிறேன்.

மச்சான், ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்காதே. இருப்பதை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வா. அருவதாவை நன்றாகக் கசக்கிப் போடு. புது வடிகட்டியை நான் கழற்றி வைத்துவிட்டேன். வருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமென்றால், அந்த ஏணியைக் கொண்டு வா.