மாடிவீட்டுத் தட்டு

அந்தத் தட்டு மறுபடியும் வந்துவிட்டது.

ராதியா கதவைத் திறந்தபோது மாடிவீட்டு ஹயாத் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். கையில் அதே குழிவான மஞ்சள் தட்டு. நடுவில் பச்சை மீன் வரைந்தது. கைக்குழந்தையைப் படுக்கவைக்கலாம், அவ்வளவு அகலம். மேலே துணி போட்டு மூடியிருந்தது. துணிக்குள்ளிருந்து ஆவி வந்தது.

“சும்மா கொஞ்சம் ப்ரிக் போட்டேன் அக்கா. சூடா சாப்பிடுங்க.”

“எதுக்கும்மா உனக்கு இந்தச் சிரமம்?”

“இதுல என்ன சிரமம்? நமக்குள்ள என்ன அக்கா!”

கதவைச் சாத்திய கையோடு ராதியா துணியை விலக்கி எண்ணினாள். எண்ணெயில் பொரித்த பத்து ப்ரிக். ஒவ்வொன்றிலும் மாவுத்தாளுக்கு நடுவே முழுசாக ஒரு முட்டை, முட்டைக்குப் பக்கத்தில் டூனா மீன்.

பத்து முட்டை! ராதியா ஒரு முட்டையை உடைக்கும் முன் மூன்று தடவை யோசிப்பவள். ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரர்களின் கையிறுக்கத்தைப் பற்றி நாடு முழுக்கக் கிண்டல் உண்டு. அந்த ஊர்ப் பெண்களே ‘இவ கொஞ்சம் ஓவர்’ என்று சொல்லும் ரகம் ராதியா. சுண்டல் பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, பானையைப் போர்வையில் சுற்றிக் கட்டிலில் வைத்துவிடுவாள். மீதிப் பாதி போர்வைக்குள்ளேயே வேகும். ஒருநாள் அவள் கணவர் மொன்ஸெஃப் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருப்பதற்குள் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் அவள் சும்மா மிச்சம் பிடிக்கவில்லை. வீட்டு வாஷிங் மெஷின் செத்து மூன்று வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து எல்லாத் துணியையும் மொட்டைமாடியில் கையால்தான் துவைக்கிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மணிக்கட்டு வீங்கி, சில காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கக்கூட வலிக்கும். புது மெஷின் தொள்ளாயிரம் தினார். குஸ்குஸ் ரவை அவிக்கும் பழைய பானைக்குள் எழுநூற்று நாற்பது சேர்ந்திருந்தது, இந்தத் தட்டு வீட்டுக்குள் காலடி வைக்கும்வரை.

“ஏங்க! மறுபடியும் வந்துடுச்சு!”

எண்ணெய் ஆலையில் எடை போடும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மொன்ஸெஃப் எட்டிப்பார்த்தார். ப்ரிக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மனைவியைப் பார்த்ததும் மலர்ந்ததை மடித்து வைத்துக்கொண்டார்.

“இது எத்தனாவது தடவை?” என்றார்.

“ஆறாவது.”

மூன்று மாதத்துக்கு முன்னால் தலைநகர் துனிஸிலிருந்து ஹயாத்தும் அவள் கணவன் ஃபெத்தியும் மேல்வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த இரண்டாம் நாள், ராதியா துணி அலசிவிட்டு இறங்கி வந்தால் வாசலில் இந்தத் தட்டு, மேலே பேரீச்சை அடைத்த மக்ரூத் பலகாரம். “மாடிவீட்டுப் பொண்ணு வெச்சுட்டுப் போச்சு,” என்றார் மொன்ஸெஃப், ஒன்றை மென்றுகொண்டே. பரவாயில்லை, நல்ல மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று ராதியாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் தட்டைக் கழுவி வைக்கும்வரைதான். அடுத்த வீட்டுத் தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. கொடுத்தால் வெறுந்தட்டுக்காரி என்ற பேர் செத்த பிறகும் நிற்கும். ஏதாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதுவும் இந்தத் தட்டில் ஒரு கிண்ணம் சுண்டலை வைத்தால் மைதானத்தில் நாலு ஆடு மேய்கிற மாதிரி தெரிந்தது. ரொப்பித்தான் அனுப்பினாள். ஐந்தாம் நாள் அது வேறொன்றால் ரொம்பித் திரும்பி வந்தது. இவளும் ரொப்பினாள். அவளும் ரொப்பினாள்.

“எதுக்குங்க இவ இப்படிக் கொட்டறா? காரியமில்லாம யாராவது பத்து முட்டை குடுப்பாங்களா?”

“நல்ல மனசா இருக்கும்.”

“முட்டை விக்கிற விலைக்கு நல்ல மனசா? நம்ம நாப்பது ஒலிவ மரம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. அறுவடை வரட்டும், வருஷம் பூரா ஓசி எண்ணெய்க்கு வந்து நிப்பா பாருங்க.”

மொன்ஸெஃப் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். “பேங்க் கடனுக்கு ஜாமீன் கேப்பாங்களோ?”

அவர் ஒருமுறை மச்சானுக்கு ஜாமீன் போட்டவர். அதன் பிறகு பேனாவைக் கண்டாலே ஒதுங்கிப்போகிறவர்.

மறுநாள் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனபோது கடைக்காரர் ஸ்லிமான் இவளைக் கண்டதும் குரலைத் தணித்தார்.

“அக்கா, உங்க மாடிவீட்டம்மா நேத்து வந்து உங்களைப் பத்தி விசாரிச்சாங்க.”

“என்னைப் பத்தியா? என்னன்னு?”

“கீழ்வீட்டு அக்காவுக்கு என்ன பிடிக்கும், எதைக் குடுத்தா அவங்களுக்குத் திருப்தியாகும்னு.”

“திருப்தியாகும்னா கேட்டா?”

“ஆமாக்கா. அதைக் கேக்கறப்ப முகத்துல ஒரே கவலை. காரியம் பெருசு போலிருக்கு.”

ராதியா வாங்க வந்ததை மறந்து திரும்பி நடந்தாள். ஜாமீன் இல்லை, எண்ணெய் இல்லை, இது அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று. வீட்டுக்கு வந்து கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டாள்.

“ஒண்ணு செய்வோம்,” என்றார் மொன்ஸெஃப். “தட்டை உடனே திருப்பாத. அலமாரி மேல வெச்சுடு. கொஞ்ச நாள் ஆறட்டும்.”

பத்து நாள் ஆறப்போட்டார்கள். அந்தப் பத்து நாளும் மாடியிலிருந்து ஒரு கடலைகூட வரவில்லை. குஸ்குஸ் பானை மூச்சுவிட்டது. ஆனால் ராதியாவுக்குத் தூக்கம் போயிற்று. காரணம் ஹயாத்தின் முகம். நாளாக ஆக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மூன்றாம் நாள் படியில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினாள். ஏழாம் நாள் ராதியாவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

“பாத்தீங்களா? தட்டை அமுக்கிட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டே சிரிக்கறா. நாளைக்குத் தெரு பூரா சொல்லப்போறா, ஸ்ஃபாக்ஸ்காரி தட்டைக்கூட விடலைன்னு!”

“வாயைத் திறந்து அவ ஒண்ணும் சொல்லலையே?”

“அதாங்க எனக்குச் சந்தேகமே!”

பதினோராம் நாள் ராதியா தாமதத்துக்கும் சேர்த்து ஒரு கிலோ பாதாம் வாங்கி உருண்டை பிடித்தாள். அறுபது தினார். குஸ்குஸ் பானையிலிருந்து நோட்டை எடுக்கும்போது மணிக்கட்டு வலித்ததா, மனசு வலித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மாடிக்குப் போய்த் தட்டை நீட்டினாள். கதவைத் திறந்த ஹயாத்தின் சிரிப்பு அப்படியே உறைந்தது. கண்ணில் தண்ணீர்கூடத் தளும்பிய மாதிரி இருந்தது.

“எதுக்கு அக்கா... எதுக்கு இதெல்லாம்...” என்று மட்டும் சொன்னாள்.

“போதலை போலிருக்குங்க,” என்று கீழே வந்து ராதியா கணவரிடம் சொன்னாள். “முகமே செத்துப்போச்சு. நிறைய எதிர்பாத்திருக்கா.”

இரண்டாம் நாள் தட்டு இறங்கி வந்தது. வயிறு பிதுங்க அடைத்த கணவாய் எட்டு. கணவாய் அந்த வாரம் விற்ற விலையில் மீன் சந்தையில் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு மத்தியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராதியா அன்று ஒரு முடிவுக்கு வந்தாள். தட்டை நிறுத்த முடியாது, ஆனால் அவர்களுடைய ஆசையை நிறுத்தலாம். கொண்டைக்கடலைக் குழம்பு வைத்து அதில் கையால் மூன்று பிடி உப்பை அள்ளிப் போட்டாள். மொன்ஸெஃப் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு ஓடினார். ராதியா தட்டை ரொப்பி, மேலே கொத்தமல்லி தூவி, வாய் நிறையச் சிரித்து மாடியில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானமே கதவு தட்டப்பட்டது. தட்டில் எலுமிச்சை வைத்துச் சுட்ட முழுக்கோழி. ஹயாத்தின் இன்னொரு கையில் ஓமப்பூக் கஷாயம் ஒரு பாட்டில்.

“உடம்புக்கு என்ன அக்கா? குழம்பை வாயில வெச்சதுமே புரிஞ்சுபோச்சு, உங்களுக்கு நாக்கு ருசியே போயிடுச்சுன்னு. நேத்துலேருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

ராதியா இருமினாள். வேறென்ன செய்வாள்?

கோழிக்குப் பதில் ஆட்டுக்கறி போட்ட குஸ்குஸ் தவிர வேறொன்றும் நிற்காது. அதுவும் போயிற்று. அதற்குப் பதிலாக மேலிருந்து என்ன வந்தது, அதற்கு இங்கிருந்து என்ன போயிற்று என்பதையெல்லாம் சொன்னால் படிக்கிறவர்களுக்கும் செலவு. அடுத்த மாதம் அவள் பானையைக் கவிழ்த்து எண்ணியபோது முந்நூற்றுப் பத்து தினார் இருந்தது. தட்டு அலமாரியில் இருந்தது, மேலிருந்து வந்த வறுத்த இறாலைத் தின்று முடித்த வெறுந்தட்டாக.

“உடைச்சுடலாமா?” என்றார் மொன்ஸெஃப். “கை தவறிடுச்சுன்னு சொல்லிடலாம்.”

“உடைச்சா அதைவிட ஒசத்தியா வாங்கித் தரணும். விசாரிச்சுட்டேன், நாப்பத்தஞ்சு தினார். அதையும் வெறுந்தட்டாவா தர்றது?”

மொன்ஸெஃப் தட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பத்திரமாக அலமாரியில் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் போர்வைகளைத் துவைத்ததில் ராதியாவின் வலது கையை மடக்கவே முடியவில்லை. ரொட்டியைப் பிய்க்க முடியாமல் மொன்ஸெஃப் பிய்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படியே போனா இந்த வருஷமும் மெஷின் கிடையாது, ராதியா.”

மூன்று வருடம் அவள் வாய்க்கும் வயிற்றுக்கும் பூட்டுப் போட்டுச் சேர்த்ததெல்லாம் துனிஸ்காரர்களின் வயிற்றுக்குள் போய்விட்டது. அழுகையை விழுங்கியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்து தட்டை எடுத்தாள்.

“என்ன வைக்கப்போற?”

“ஒண்ணும் வைக்கப்போறதில்லை.”

“வெறுந்தட்டாவா!” மொன்ஸெஃப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அடியே, பேரு போயிடும்டி!”

“பேரு துணி துவைக்குமா?”

தட்டைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு படியேறினாள். அவள் வம்சத்தில் இதுவரை யாரும் செய்யாத காரியம். அவள் மாமியார் பஞ்ச காலத்தில்கூட இரண்டு ஒலிவக் காயாவது வைத்துத்தான் தட்டைத் திருப்பினாராம்.

பாதிப் படியில் எதிரே ஃபெத்தி. ஊருக்கு ஊர் வேன் ஓட்டுகிறவன், அதிகம் பேசாத ஆள். குடிவந்த இந்த நாலு மாதத்தில் ராதியாவிடம் சலாம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையிலேயே மீன் சந்தைக்குக் கிளம்பியவன் போல, கையில் கூடை. இவளைக் கண்டதும் திருடன் மாதிரி கூடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பார்வை சால்வைக்குப் போயிற்று. முகம் வெளுத்தது.

ராதியா சால்வையை விலக்கினாள். “இந்தாப்பா. வெறுந்தட்டுதான். திட்டினாலும் சரி, தெருவெல்லாம் சொன்னாலும் சரி. எங்களால முடியலை. உங்களுக்கு என்ன வேணும்? எண்ணெயா? ஜாமீன் கையெழுத்தா? நேராக் கேட்டுடுங்க.”

ஃபெத்தி படியில் உட்கார்ந்துவிட்டான். “எங்களுக்கு ஒண்ணுமே வேணாம் அக்கா. வேனுக்கு நாலு டயர் மாத்த வெச்சிருந்த காசு மொத்தமும் போச்சு. வழுக்கை டயர்லதான் ஜனங்களை ஏத்திட்டுப் போறேன். ஹயாத் தினமும் அழறா. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும். மொட்டைமாடித் துணிக்கொடியா? எடுத்துக்கோங்க. தண்ணித் தொட்டியா? அதையும் எடுத்துக்கோங்க.”

“எங்களுக்கா? ஏம்பா, நீங்க அனுப்பாம இருந்தா நாங்க ஏன் அனுப்பறோம்?” ராதியாவுக்குக் குரல் ஏறியது. “முதல்ல ஆரம்பிச்சது யாரு? உங்க தட்டை எங்க வாசல்ல கொண்டுவந்து வெச்சது யாரு?”

ஃபெத்தி அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எங்க தட்டா? அக்கா, நாங்க குடிவந்தப்ப சமையலறைப் பரண்ல கிடந்துச்சு, கீழ்வீட்டு அக்காவோடதா இருக்கும்னு வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாரு, அதை உங்ககிட்டத் திருப்பிக் குடுக்கத்தானே நாங்க இத்தனை நாளாப் பாடுபடறோம்!”