வாத்தியார் தலையில் ஒடுக்கு எடுத்த கதை

"தெரியாது" என்ற சொல் என் வாயிலிருந்து முதன்முதலாக வெளிவந்தபோது எனக்கு வயது இருபத்தெட்டு. அதுவரை வழி கேட்டவர்களைக்கூட ஏதாவது ஒரு திசையில் அனுப்பிவைத்துக்கொண்டுதான் இருந்தேன். (வாணியம்பாடிக்குப் போக வேண்டிய எத்தனை பேர் குடியாத்தத்தில் போய் இறங்கினார்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.)

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் இன்ஜினீயர் என்று சொல்லிக்கொள்வேன். எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. ஸ்பேனரைக் கையில் எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைத்து வைக்க.

அப்போது வேலூரில் நர்ஸாக இருந்த ஷீபாவைக் கல்யாணம் செய்துகொள்ளத் துடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாப்பிள்ளைக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கண்டிஷன். அறுப்பின் பண்டிகைக்கு, ஆம்பூரிலேயே இருந்த தங்கள் சர்ச்சுக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். ஆளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். "கம்முனு இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்" என்று ஷீபா நூறு தடவை சொல்லியிருந்தாள்.

அறுப்பின் பண்டிகையில் சபையார் வீட்டிலிருந்து கொண்டுவந்து படைப்பதையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் போன பிறகு மேஜைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. ஷீபா வீட்டுக் காணிக்கை. அவளுடைய அம்மாவின் அப்பா லாரி ஷெட் வைத்திருந்தாராம். பெட்டி நிறைய அவர் காலத்து மெக்கானிக் சாமான்கள். ஏலம் விட்ட சபைச் செயலாளர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழித்தார்.

"இன்னான்னே தெரியாம இத எவன் எடுப்பான்?"

"நம்ம தம்பி இன்ஜினீயர்தான். மைக்க அவர்கிட்ட குடுங்க" என்றார் ஷீபாவின் அப்பா, பெருமையாக.

முதலில் வந்தது இரண்டு இடத்தில் வளைந்த ஒரு கம்பி. அது எனக்கு உண்மையாகவே தெரியும். "ஸ்டார்ட்டிங் ஹேண்டில். வண்டிக்கு முன்னாடி விட்டு சுத்துனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்" என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

அடுத்தது விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஏதோ எண் போட்டிருந்தது. "தோல் தடிமன் அளக்குற கேஜ்" என்றேன் கண்ணை மூடிக்கொண்டு. ஆம்பூரில் பொய் சொல்ல எத்தனையோ விஷயம் இருக்க, நான் தோலைத் தேர்ந்தெடுத்தேன். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள்.

"தோலு கேஜ நாங்க தெனமும் கையில வெச்சிக்கினு இருக்கோம். இது அது இல்லியே!" என்றார் ஒருவர்.

"அது புது மாடல். இது பழசு" என்றேன்.

மூன்றாவதாக ஒரு மரக்குச்சி. அதன் நுனியில் சின்ன ரப்பர் கிண்ணம். ரப்பர் காய்ந்துவிடாமல் யாரோ பவுடர் தடவி வைத்திருந்தார்கள். 'இதைப் பற்றித் தெரிந்த யாரோ இந்த வீட்டில் இருக்கிறார்கள்' என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "இது லாரி பாடில ஒடுக்கு எடுக்குறது. நசுங்குன எடத்துல அமுக்கி இழுத்தா, தகரம் மேல வந்துடும்" என்றேன்.

"செஞ்சி காட்டு தம்பி" என்றார் செயலாளர்.

மேஜையில் அமுக்கினேன்; ஒட்டவில்லை. யாரோ ஏலத்தில் எடுத்து வைத்திருந்த பூசணிக்காயிலும் ஒட்டவில்லை. வழவழப்பான இடம் வேண்டுமென்று சுற்றிலும் தேடினேன். எனக்கு முன்னால் ஷீபாவின் அப்பா, தேங்காய் எண்ணெய் தடவிய வழுக்கைத் தலையோடு, ஆர்வமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "ஒரு நிமிஷம் அங்கிள்" என்று சொல்லி உச்சந்தலையில் வைத்து அமுக்கிவிட்டேன்.

ஒட்டிக்கொண்டது. அட்டகாசமாக ஒட்டிக்கொண்டது. இழுத்தேன்; வரவில்லை, அவர்தான் வந்தார். வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் வந்தார், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் வந்தார். "டேய், வுடுடா!" என்று கத்தினார். முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிய குரல். கொயர் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். ஷீபா எழுந்து வெளியே போய்விட்டாள். என் கல்யாணமும் அவள் பின்னாலேயே போவதாக எனக்குத் தோன்றியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஷீபாவின் அம்மா நிதானமாக எழுந்து வந்தார். ரப்பர் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். 'டப்' என்ற சத்தம் மைக் வழியாகக் கோயில் முழுக்கக் கேட்டது. வாத்தியார் தலையில் ரூபாய்க் காசளவு சிவப்பு வட்டம்.

"தம்பி, உண்மைய சொல்லுங்க. இது இன்னா சாமான்?"

"தெரியாதுங்க ஆன்ட்டி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவதுபோல உருட்டிக் காட்டினார். "இன்ஜின் வால்வுல பேஸ்ட் தடவி, மேல இத ஒட்ட வெச்சி, இப்டி உருட்டணும். மொதல்ல கரகரன்னு சத்தம் வரும். சத்தம் அடங்கிடுச்சின்னா வால்வு நல்லா உக்காந்துடுச்சின்னு அர்த்தம். ஸ்கூல் லீவு வுட்டா எங்கப்பா ஷெட்ல எனக்கு இதான் வேலை. அந்தத் தகடு, வால்வுக்கு இடைவெளி பாக்குறது. தோலுக்கு இல்ல."

சபையே அவருக்குக் கைதட்டியது. அந்தப் பெட்டியை அவரே ஏலம் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இவனுக்கா பொண்ணு குடுக்கறது? கைவேலையே தெரியலியே" என்றார் வாத்தியார், தலையைத் தடவிக்கொண்டே.

"கைவேலைதான் எனக்குத் தெரியுமே, வீட்டுக்கு ஒருத்தர் போதும். வெளியில அழுதுகினு இருக்கா பாருங்க, அவளக் கூப்புடுங்க" என்றார் அம்மா. அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், வீட்டில் எல்லோரும் உச்சந்தலையைப் பொத்திக்கொள்வார்கள். போன மாதம் மிக்ஸி நின்றுபோய், மாமியார் அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருக்காமல், "இது எதனால நிக்குதுன்னா..." என்று ஆரம்பித்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் கைகள் தலைக்குப் போய்விட்டன. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.