இழுவை வீட்டுக்குப் பிரேக் பிடித்த படலம்

வாழ்க ஆர்வில் ஸ்டெனெருட்! தெற்கு டகோட்டாவின் புல்வெளி ஈன்ற புதல்வன், கோதுமைக் களம் பல கண்ட கோமான், விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பச்சைத் தொப்பியையே மணிமகுடமாகச் சூடிய மன்னன், சமையலறைக் குழாய்க்குத் தானே வாஷர் மாற்றி வீட்டை வெள்ளக்காடாக்கிய தனிப்பெருந்தொழிலன், அவன் நீடு வாழ்க! மின்சாரப் பிரேக்கோடு அவன் ஆற்றிய அருஞ்சமரைப் பாடப் புகும் நாவுக்கு, துருவுக்கும் கிரீஸுக்கும் அதிதேவதை எவரேனும் இருப்பின், அவர் வந்து துணை நிற்பாராக.

ஆண்டுதோறும் ஜூலையில், ஆர்விலின் மனைவி மார்லிஸின் பிறந்த வீட்டார் பிளாக் ஹில்ஸ் மலையில் ஓர் ஏரிக்கரையில் கூடுவது வழக்கம். சென்ற ஆண்டு அந்த மலையிறக்கத்தில், பிக்கப் வண்டியின் பின்கொக்கியில் பூட்டிய, இரு சக்கரம் வைத்த இழுவை வீடு, பிரேக் பிடிக்க மறுத்து, மதங்கொண்ட களிறென முன்வண்டியை முட்டித் தள்ளியது. மார்லிஸ் இரு கைகளாலும் டேஷ்போர்டைப் பற்றிக்கொண்டு, அறிந்த ஜெபங்களெல்லாம் தீர்ந்துபோய், ஞாயிறுப் பள்ளியில் கற்ற ஆட்டுக்குட்டிப் பாட்டுக்கே வந்துவிட்டாள். ஆகவே இவ்வாண்டு ஆர்வில் இரு சக்கரங்களுக்கும் புத்தம் புதிய பிரேக் வாங்கித் தன் கையாலேயே மாட்டினான். மாட்டியதோடு நின்றானா? ஆராதனை முடிந்த தேவாலயத்துக் காப்பி வேளையில், பாதிரியார் முதல் பக்கத்துப் பண்ணைக்காரர் வரை அகப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, மெக்கானிக் என்போர் சோம்பேறிகளின் பொருட்டுப் படைக்கப்பட்டவர்கள் என்று முழங்கினான்.

விதி சிரித்தது. புறப்படும் நாள் காலையில் சரளைப் பாதையில் ஓட்டிப் பார்த்தால், இழுவை வீடு பழையபடியே முட்டியது. அப்போது சமையலறை வாசலில், மூடியிட்ட பெரும் பாத்திரத்தை ஏந்தியவளாய் மார்லிஸ் தோன்றித் தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"ஆர்வில், நல்லா கேட்டுக்கோ. இந்த உருளைக்கிழங்கு சாலட்ட ஐஸ் பெட்டியில வெச்சு மூடுறதுக்குள்ள உன் வண்டி நிக்கணும். நிக்கலன்னா நான் அண்ணன் வண்டியில போயிடுவேன். நீ தனியா ஆடி அசைஞ்சு வந்து சேரு."

அண்ணன் எனப்பட்ட டுவேன் முற்றத்திலேயே மடக்கு நாற்காலியில் வீற்றிருந்தான். அவன் பின்னே, டிவியும் சாய்வு சோபாவும் கொண்ட அவனது பேருந்தனைய வண்டி மாளிகை வெயிலில் மினுங்கியது.

"மாப்ள, எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தன் இருக்கான். கூப்பிடட்டா? உனக்காக இல்ல, பாவம் அந்த வண்டிக்காக."

மணமான நாள்தொட்டு ஆர்வில் ஓட்ட, மார்லிஸ் அருகிருந்து வழி சொல்ல, அதைக் கேளாமல் அவன் வழி தவறுவதே அவ்வில்லறத்தின் ஒழுங்கு. அந்த அருகிருக்கை வெறுமையாய் வரும் காட்சி மனக்கண்ணில் எழவும், ஆர்விலின் நெஞ்சம் மெய்யாகவே கலங்கியது. கலங்கிய நெஞ்சோடு அவன் போருக்கு எழுந்தான், எழுந்த வேகத்தில் கொக்கியில் முழங்காலை இடித்துக்கொண்டான்.

முதற்கண், பிக்கப்பிலிருந்து மின்சாரம் கொணரும் ஏழு முனைப் பிளக்கைப் பற்றி, அதனுள் கோட்டை கட்டி வாழ்ந்த சிலந்தியை நாடு கடத்தி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பொன்னொளி பெறச் செய்தான். அடுத்து இழுவை வீட்டின் அடிவயிற்றில் மல்லாந்து புகுந்து, எர்த் வயரைக் கழற்றி, துருவெல்லாம் மூக்கில் பொழியச் சுரண்டி, மீண்டும் இறுக்கினான். பின்னர், இழுவை வீட்டின் பிரேக்கை மட்டும் தனியே இயக்கும் சிறு நெம்புகோலை அழுத்துமாறு தன் துணைவியைப் பிக்கப்பில் அமர்த்தினான்.

"அழுத்து!"

"அழுத்தியாச்சு!"

"இன்னும் நல்லா!"

"இதுக்கு மேல அழுத்தினா கையோட வந்துடும்!"

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மின் மீது காது வைத்தான். உள்ளிருந்த மின்காந்தம் வண்டெனச் சன்னமாய் ரீங்கரித்தது. மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் திசைகாட்டியை அருகே நீட்டினான். அதன் முள் வடதிசையை மறந்து டிரம்மை நோக்கித் துள்ளித் திரும்பியது. மின்சாரம் வருகிறது, காந்தம் விழிக்கிறது, சாட்சிகள் எல்லாம் ஒரே குரலில் சத்தியம் செய்கின்றன. ஆயினும் ஓட்டிப் பார்த்தால் மீண்டும் அதே முட்டல்! உருவமில்லாப் பகைவனோடு எவ்வாறு பொருவது? முதலில் வயர் செய்தவனைச் சபித்தான், அப்பால் சென்ற பனிக்காலத்தைச் சபித்தான், இறுதியில் வானம் அதிரப் பிரகடனம் செய்தான்.

"எலி! எலிதான் வயரக் கடிச்சிருக்கு!"

"கடிச்சா கரண்ட் எப்படி மாப்ள வருது?" என்றான் டுவேன். "மனசு கேக்காம மறுபடி ஒட்டி வெச்சிட்டுப் போச்சா?"

மார்லிஸ் திரும்பிச் சென்ற சமையலறையிலிருந்து ஐஸ் பெட்டியின் மூடி திறக்கும் ஒலி, போர்முரசென, ஆர்விலின் செவியில் விழுந்தது. ஜாக்கியை ஏற்றினான், வலச் சக்கரத்தைக் கழற்றினான், டிரம்மை உருவினான். ஆங்கே, பிரேக்கைத் தாங்கும் தகட்டின் மேல், ஒரு சொல் பொறித்திருந்தது. கந்தல் துணியால் துடைத்தான். கிரீஸ் போயிற்று, சொல் போகவில்லை. ‘இடது’ என்றிருந்தது.

இவ்வகைப் பிரேக்குகளுக்கு இடம் வலம் உண்டு. இடம் மாற்றி மாட்டினால் காந்தம் ரீங்கரிக்கும், முள் துள்ளும், ஆனால் பிரேக் ஷூக்கள் டிரம்மைக் கவ்வாமல் ஆசையாய்த் தடவிக்கொடுக்கும். மாட்டிய நாளன்று நம் கோமான், எதிராளியைப் பார்ப்பதுபோல் வண்டிக்கு நேரெதிரே கால் பரப்பி நின்றான். அதன் இடப்புறம் எது என்று வண்டியைக் கேளாமல் தன் இடக்கையைக் கேட்டான். அந்தோ, சிலந்தியும் பனியும் எலியும் குற்றமற்றோர்! தேடிய பகைவன் பச்சைத் தொப்பி அணிந்திருந்தான்.

"என்ன மாப்ள, ஏதாவது சிக்குச்சா?" நாற்காலி கிறீச்சிட்டது. டுவேன் எழுந்துவிட்டான்.

"கிட்ட வராத! ஸ்பிரிங் தெறிக்கும்!" என்று கர்ச்சித்த ஆர்வில், கணமும் தாழாது மணிமகுடத்தைக் கழற்றி அச்சொல்லின் மீது கவிழ்த்தான். தேவாலயத்திலன்றி வேறெங்கும் வெளிச்சம் கண்டிராத அவன் வழுக்கை, முதன்முறையாகச் சூரியனைச் சந்தித்தது.

அதைக் கண்ட மார்லிஸுக்குச் சந்தேகம் தட்டியது. அருகே வந்தாள். தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள். படித்தாள். மறுபடி மூடினாள். அண்ணனைப் பார்த்தாள், கணவனின் சிவந்த மண்டையைப் பார்த்தாள். ஒரு முழுப் பரம்பரையும் ஏரிக்கரையில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சிரிப்பதற்கான கதை அவள் உதட்டு நுனியில் துடித்தது.

"அண்ணா, ஐஸ் பத்தாது. டவுனுக்குப் போய் வாங்கிட்டு வா."

"ரெண்டு பை இருக்கே?"

"பத்தாதுன்னா பத்தாது. போயிட்டு வா."

வண்டி மாளிகை முனகிக்கொண்டே வாயிலைக் கடந்தது. அதன் புழுதி அடங்கியதும் மார்லிஸ் கணவன் பக்கம் திரும்பினாள்.

"எதிர்ல நின்னு பாத்தியா?"

"ம்."

"நீ ஒரு கழுதை, ஆர்வில்."

"ம்."

"அந்த ஸ்பேனரக் குடு. நான் அந்தப் பக்கம் கழட்டுறேன்."

சேர்ந்தே கழற்றினார்கள், மாற்றினார்கள், வயர்களை முறுக்கினார்கள், கையெல்லாம் கருமையானார்கள். பின்பு சரளைப் பாதையில் வேகமெடுத்து ஆர்வில் நெம்புகோலை அழுத்த, ஆகா! இழுவை வீடு நான்கு கால் ஊன்றிய முரட்டு மாடெனத் தரையைப் பற்றிக்கொண்டது. புழுதி விண்ணை மறைத்தது, உள்ளறையில் தட்டுகள் உருண்டன, பக்கத்துப் பண்ணைக் கோழிகள் கூரையேறின, அவன் வெற்றி முழக்கம் ஏழு வயல்களைத் தாண்டிச் சென்றது.

ஐஸோடு திரும்பிய டுவேன் இறங்கியதும் கேட்டான். "சரியாயிடுச்சா? என்னதான் கோளாறு?"

ஆர்வில் வாய் திறக்குமுன் மார்லிஸ் சொன்னாள். "எலி."

அக்கணம், அண்டம் அதிர முரசம் ஆர்க்க, மேகங்கள் குடை பிடிக்க, மகுடம் மீண்ட மாவீரன், மலையும் அஞ்சும் பிரேக்கின் நாயகன், மண்ணுலகில் இனித் தனக்கு நிகரில்லை என்னும் நிமிர்வோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அருகிருக்கையின் கதவைத் தன் கரிய திருக்கரத்தால் உள்ளிருந்து திறந்துவிட்டுக் காத்திருந்தான்.

மார்லிஸ் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பின்கதவைப் பூட்டினாயா என்று கேட்டாள்.