சிறை நெரிசலைக் குறைக்க அறுநூறு பேர்

உலகத்தில் எத்தனையோ கட்சிகள் உண்டு. ஆனால் சிறைக் கைதிகளுக்குக் கால் நீட்டிப் படுக்க இடமில்லையே என்று ஏங்கி, தானும் தூக்கம் தொலைத்த கட்சி ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் கட்சி. அதன் கொள்கை விளக்கக் குழுவுக்குச் செயலாளர் அடியேன். ஆகவே இது தற்பெருமை அல்ல. பதவி தந்த கடமை.

விஷயம் முடிதிருத்தும் கடையில் தொடங்கியது. தலைவர் சவரத்துக்கு உட்கார்ந்தபோது கைக்குக் கிடைத்த செய்தித்தாளில், எங்கள் ஊர்ச் சிறை எண்ணூறு பேருக்குக் கட்டப்பட்டது, உள்ளே இருப்பதோ இரண்டாயிரத்து நானூறு பேர் என்று போட்டிருந்தது. பாதி முகத்தில் நுரையோடு செயற்குழுவைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

"மூணு மடங்கு கூட்டம்யா!" என்றார் கூட்டத்தில். "நம்ம மாநாட்டுக்கே இப்படி வந்ததில்ல. இதைச் சும்மா விடக்கூடாது."

வழக்கறிஞர் அணித் தலைவர் எழுந்தார். அவருக்குச் சட்டம் தெரியும் என்பது கட்சியில் ஒரு சின்னக் குறையாகவே கருதப்படுகிறது.

"உள்ள இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தீர்ப்பே வரலைங்க. பல பேருக்கு ஜாமீன் கிடைச்சும், கையெழுத்துப் போட ஆளில்லாம கிடக்கிறாங்க. அவங்களை வெளிய கொண்டுவந்தாலே நெரிசல் பாதியாக் குறையும்."

"வெளியவா?" என்று பதறினார் மகளிர் அணித் தலைவி. "திருடனுக்கு நாம கூட்டாளின்னு ஊரெல்லாம் பேசுவாங்களே!"

"அப்ப புதுச் சிறை கட்டச் சொல்லுவோம்."

"கட்டினா கல்வெட்டுல ஆளுங்கட்சிக்காரன் பேரு வரும்."

மூன்று மணி நேரம், நான்கு சுற்று டீ. அதன்பின் நான் கட்சியின் 'நிலைப்பாட்டை' எழுதி வாசித்தேன்: "சிறை நெரிசலை வன்மையாகக் கண்டிக்கிறோம். கைதிகளை வெளியே விடுவதையும், புதிய சிறைகள் கட்டுவதையும் அதைவிட வன்மையாகக் கண்டிக்கிறோம்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாப் பக்கமும் அடைச்சிட்டியேப்பா! இனி எவனும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

நிலைப்பாடு எடுத்தால் போராட வேண்டும். எங்கள் கட்சியில் போராட்டம் முறைவைத்து நடக்கும். உண்ணாவிரதம், சாலை மறியல், கடையடைப்பு, சிறை நிரப்பும் போராட்டம் என்று வரிசையாக எழுதிய அட்டை சுவரில் தொங்குகிறது. கோரிக்கை எதுவானாலும் முறையை மாற்றுவதில்லை. மாற்றினால் அணிகளுக்குள் மனத்தாங்கல் வரும்.

"இந்தத் தடவை எது?" என்றார் தலைவர்.

அலுவலகச் செயலாளர் எக்கிப் பார்த்தார். "சிறை நிரப்பும் போராட்டம்ங்க."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாகக் கட்சி குலையாமல் நிற்பது இந்த ஒழுக்கத்தால்தான்.

எல்லாரும் போனபிறகு டம்ளர்களை எடுக்க டீ போடும் அக்கா வந்தார். அவருடைய ஒரே மகன் அதே சிறையில் பதினாறு மாதமாக இருக்கிறான். தலைவரின் பிறந்தநாள் போஸ்டரை நீதிமன்றச் சுவரில் ஒட்டிய வழக்கு. ஒட்டச் சொன்னது யார் என்று போலீஸ் கேட்டதற்கு, "நானாத்தான் ஒட்டினேன்" என்று சொல்லி அடியும் வாங்கினான். அப்படிப்பட்ட தொண்டன். இரண்டு மாதத்துக்கு முன் ஜாமீன் கிடைத்துவிட்டது. சொந்த வீடு உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா இருக்கும் தெருவில் எல்லாரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.

"நெரிசலைக் குறைக்கணும்னு பேசினீங்களே சார். என் பையன் ஒருத்தனைக் குறைச்சுக் குடுங்க. உங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. இன்னும் ஒருத்தரைப் பார்த்துச் சொன்னீங்கன்னா போதும்."

"அக்கா, ஒருத்தரை வெளிய எடுத்தா அது உதவி. எல்லாருக்காகவும் போராடினா அது கொள்கை. கட்சி உதவியில இறங்கிட்டா கொள்கையை யாரு பாக்கிறது?"

வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது, மனைவியைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். கேட்கவில்லை.

போராட்ட நாளில் அறுநூறு பேர் திரண்டோம். போலீஸ் அதிகாரி தலைவரிடம் கெஞ்சினார். "வழக்கம்போல மண்டபத்துல உட்காருங்கய்யா. மின்விசிறி இருக்கு. சாயங்காலம் விட்டுடறோம். உள்ள நிஜமாவே இடமில்ல."

"இடமில்லன்னுதானே போராடுறோம்!" என்று சீறினார் தலைவர். "எங்க ஆளுங்களுக்கு அசல் சிறைதான் வேணும்." வேனின் படியில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டதும் அவருக்குப் பல்வலி வந்துவிட்டது. நாங்கள் அறுநூறு பேரும் உள்ளே போனோம்.

முப்பது பேருக்கான அறையில் ஏற்கெனவே தொண்ணூறு பேர். எங்களில் இருபத்தைந்து பேரைத் திணித்தார்கள். அங்கே தூக்கமும் முறைவைத்துத்தான். ஒருவன் எழுந்தால்தான் அடுத்தவன் படுக்கலாம். சுவரோரமாகச் சாய்ந்திருந்த ஓர் இளைஞன் என்னைக் கண்டதும் துள்ளி எழுந்து, தன் இடத்தைக் காட்டினான். அக்காவின் மகன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"உட்காருங்கண்ணே. எனக்காகவா இத்தனை பேரும் வந்தீங்க?" அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா சொல்லிட்டே இருந்துச்சு, கட்சி கைவிடாதுன்னு. கையெழுத்து தோதாயிடுச்சாண்ணே?"

"கட்சி இதைப் பரந்த அளவுல அணுகுது தம்பி," என்றேன். அவன் தலையாட்டினான். நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். பகல் முழுக்க அவன் நின்றான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் போனவர்கள் மாலை ஐந்துக்கு வெளியே வந்தோம். வழக்கறிஞர் அணி முன்கூட்டியே ஜாமீன் கையெழுத்துக்காக ஆளுக்கு இரண்டு பேர் வீதம், சொந்த வீடுள்ள ஆயிரத்து இருநூற்று இரண்டு பேரைப் பேருந்துகளில் கொண்டுவந்து வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தது. நீதிமன்ற எழுத்தர் அங்கேயே மேசை போட்டு எழுதித் தள்ளினார்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தலைவருக்குக் கையெழுத்துப் போட வந்த இரும்புக்கடைக்காரரும் அவர் மனைவியும். தலைவர்தான் உள்ளேயே போகவில்லையே!

"காலையிலேருந்து நிக்கிறோம்," என்றார் கடைக்காரர். "வந்ததுக்கு வேற யாருக்காவது போட்டுட்டுப் போகட்டுமா?"

வாசலில் காத்திருந்த அக்கா ஓடிவந்தார். "ஐயா, என் பையன் உள்ள இருக்கான்யா!"

"கட்சி சொன்னா தாராளமாப் போடறோம்மா," என்று கடைக்காரர் என்னைப் பார்த்தார். எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு, "பேரு?" என்றார். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

அந்நேரம் பிரசார வண்டியில் ஏறி நின்ற தலைவர் முழங்கினார்: "ஒரே நாளில் இந்தச் சிறையிலிருந்து அறுநூறு பேரைக் குறைத்திருக்கிறோம்! அதேநேரம், ஒரு கைதியைக்கூட வெளியே விட எங்கள் கட்சி அனுமதிக்காது!"

அந்த வாக்கியம் என்னுடையது. எழுதியவனே மீறலாமா?

"வேணாங்க, நீங்க கிளம்புங்க," என்றேன் கடைக்காரரிடம். எழுத்தர் பேனாவை மூடினார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பத்திரிகைகளுக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து மேசைக்கு எதிரே நின்றார். "என்ன எழுதியிருக்கீங்க, படிங்க சார்," என்றார். படித்தேன்.

"'சிறை சென்ற எங்கள் தியாகிகள் அனைவரும் விடுதலை பெற்றனர். எங்கள் கட்சியைச் சேர்ந்த ஒருவர்கூட இப்போது சிறையில் இல்லை.'"

"என் பையன்?"

"அவன் கைதிம்மா."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏழு மணி நேரம் உள்ள இருந்தா தியாகி. பதினாறு மாசம் இருந்தா கைதி. அப்படித்தானே சார்?"

கொள்கையை விளக்குவது என் பொறுப்பு. "ஆமாம்மா," என்றேன்.