தேருக்கு நான் கொடுத்த சான்றிதழ்

நிபுணர் என்ற பட்டம் காதுக்கு இனிக்கும், வயிற்றுக்கு ஆகாது. ஒரே ஒருமுறை நான் நிபுணராக இருந்திருக்கிறேன். அந்த ஒன்றே போதும்.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கான்கிரீட் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தேர் வரும் வீதியின் குறுக்கே புதிதாக மழைநீர்க் கால்வாய் வெட்டி, கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் தேரை விடலாமா கூடாதா என்று முடிவெடுக்க அதிகாரிகள் ஒரு குழு அமைத்தார்கள். குழு என்றால் நிபுணர் வேண்டுமே! போக வேண்டிய எங்கள் துறைத்தலைவருக்குக் காய்ச்சல். (காய்ச்சலா, புத்திசாலித்தனமா, இன்றுவரை தெரியவில்லை.) நான் போனேன்.

மேஜையில் என் முன்னால் 'நிபுணர்' என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை வாங்கிக் கணக்குப் போட்டு, "தாராளமாக விடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒருவராவது எதிர்க்கேள்வி கேட்டிருக்கலாம். அதற்குள் முந்திரி பக்கோடா வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வரைபடத்தில் இருந்த கம்பியை நிஜமாகவே பலகைக்குள் போட்டார்களா? நான் போய்ப் பார்க்கவே இல்லையே! இன்னொரு கொடுமை, தேரின் முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் என் மாமனார். பக்கத்து மாகறல் கிராமத்தில் விவசாயம் செய்பவர். சக்கரத்தை ஒட்டி நடந்தபடியே அடியில் மரக்கட்டையைச் செருகி, தேரைத் திருப்புவார், நிறுத்துவார். பலகை உடைந்து தேர் சாய்ந்தால் முதல் ஆள் அவர்தான்.

அவரோ, "எங்க மாப்ளதான்பா கையெழுத்து போட்டிருக்காரு, கண்ண மூடிக்கினு இழுங்க!" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேரன்று காலை கூட்டம் வடம் பிடித்தது. நான் கால்வாய் ஓரமாக நின்றிருந்தேன். தேர் நெருங்கிக்கொண்டே வந்தது. கால்வாய்க்கு இன்னும் பத்தடிதான். மாமனார் கட்டையும் கையுமாக என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப் பலகையின் மேல் குப்புற விழுந்தேன். (பாய்ந்து படுத்தேன் என்று சொல்ல ஆசைதான். வேட்டி தடுக்கிவிட்டது.)

மாமனார் சட்டென்று கட்டையைச் செருகினார். தேர் குலுங்கி நின்றது.

"இன்னா மாப்ள, இன்னா ஆச்சி?"

"உடைஞ்சிரும் மாமா! நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க!"

குழுவைக் கூட்டிய அதிகாரி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "சார், விடலாம்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"இப்ப யார நம்பலன்றீங்க?"

"என்னைத்தான் சார்" என்று சொல்லி அழுதேவிட்டேன்.

ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரியை எதிர்ப்பக்கமிருந்து கொண்டுவந்து, பலகையின் மேல் ஏற்றி இறக்கினார்கள். நடுவில் நிறுத்தியும் பார்த்தார்கள். ஒரு கீறல் விழவில்லை. என் கணக்கு அவ்வளவு சரி! மூன்று மணி நேரம் சாமி வெயிலில் காய்ந்தது. "எவன்யா அந்த நிபுணரு?" என்று பின்வரிசையில் திட்டியவர்களோடு சேர்ந்து நானும் ஒருமுறை திட்டினேன்.

தேர் கால்வாயைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாமனார் வந்து என் கையைப் பிடித்தார். என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

அன்றைக்குச் சொல்லாததைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து அறிமுகம் செய்வார்:

"எங்க மாப்ள பெரிய நிபுணரு. அவரு சொன்னா ஊரே நம்பும்பா. அவரு ஒருத்தருதான் நம்ப மாட்டாரு."