பாற்கடலுக்குப் போன பவளப்பாறை

நான் ஒரு சோம்பேறி. ஜியாலஜி எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் அது மயிலாப்பூருக்கே தெரிந்துபோனது.

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அங்கே கல்லாகிப்போன பவளப்பாறையை அடுக்குவாரியாக உடைத்து வந்து, எந்த அடுக்கின் காலத்தில் கடல் சூடாக இருந்தது, எப்போது குளிர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. எந்தக் கல் எந்த அடுக்கு என்று தெரியாவிட்டால் எல்லாம் வெறும் ஜல்லி. "பெயின்ட்டால நம்பர் போடும்மா" என்று பேராசிரியை தலைபாடாக அடித்துக்கொண்டார். டப்பாவைத் திறக்கச் சோம்பல்பட்டு நான் சாக்பீஸால் எழுதினேன். (வெயில் மண்டையைப் பிளந்தது என்று இப்போதும் சாக்குச் சொல்வேன்.)

இருபது கற்களும் எங்கள் வீட்டு பால்கனியில் மூட்டையாக இருந்தன. மறுநாள் லேபில் கொடுக்கவேண்டும். அன்று நவராத்திரி. பேராசிரியையைக் கொலுவுக்கு அழைத்துக்கொண்டு கல்லூரியிலிருந்து நேராக வந்தேன். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாற்கடலில் பெருமாள் ஒய்யாரமாகப் படுத்திருந்தார். அவரைச் சுற்றிப் பளிச்சென்று என் இருபது கற்கள்!

"அம்மா! இதுல எழுதியிருந்ததெல்லாம் எங்கே?"

"ஒரே சாக்பீஸ் கிறுக்கலா இருந்துதுடி. பிரஷ் போட்டுத் தேச்சு அலம்பிட்டேன். கடல்ல இருந்த கல்லுன்னு நீதானே சொன்னே? பாந்தமா இருக்கோன்னோ?"

ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தேன்; ஒரு நம்பர்கூட மிச்சமில்லை. ஒரு வருஷப் படிப்பு!

"ரொம்ப அழகா இருக்கு மாமி" என்று குங்குமம் எடுத்துக்கொண்ட பேராசிரியை, அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். "நீ நாளைக்கே அரியலூர் பஸ்ஸைப் பிடி."

விஷயம் புரிந்ததும் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கொலுவை அப்பா தலையில் கட்டிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் உடைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவளே பெயின்ட்டால் நம்பர் போட்டாள். ஒவ்வொரு நம்பருக்கு மேலேயும் ஒரு பிள்ளையார் சுழி. திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இரண்டு நாள். அப்படி ஒரு இரண்டு நாள் எங்களுக்கு மறுபடி வாய்க்கவில்லை.

வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் "அலம்பியாச்சா?" என்றுதான் இன்றும் கேட்கிறோம். அம்மா இப்போது இல்லை. நான் அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கற்கள் அலமாரியில் இருக்கின்றன.

"இன்னா மேடம், கல்லுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டுக்கீது?" என்று வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவன் கையை நீட்டுவான்.

"தொடாதே, அழிஞ்சிடும்!" என்று கத்திவிடுகிறேன். பெயின்ட் அழியாது என்று எனக்கும் தெரியும்.