நம்ம வீட்டுது இல்ல

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. இவர்கள் வீட்டில் கரப்பான்பூச்சி கிடையாது. எறும்பு கிடையாது, கொசு கிடையாது, கரையான் கிடையாது, மூட்டைப்பூச்சி என்ற சொல்லை அகராதியில் பார்த்ததோடு சரி. ஊரோ, குளிர் என்றால் என்னவென்று தெரியாத ஊர். வருஷத்தில் பத்து மாதம் வெயில், மிச்சம் இரண்டு மாதம் புழுக்கம். நீங்களும் நானும் வேர்த்து விறுவிறுத்து, விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க, பூச்சி இனம் மட்டும் பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாகப் பெருகிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட ஊரில் இவர்கள் வீடு மட்டும் பரிசுத்தம். எப்படி என்கிறீர்களா? மருந்தா? மந்திரமா? இரண்டும் இல்லை ஐயா, இலக்கணம்!

"இருக்கு" என்று சொல்லவே மாட்டார்கள். "வந்திருக்கு" என்பார்கள். வித்தை அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள். மூன்று மாடிக் கட்டடம், ஒன்பது வீடு, அதில் நடு மாடியில் குடியிருக்கிறார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. எதிரே எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, வந்தவர் மூக்கில் கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மகராசன். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்குக் கண் தெரியாது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரத்தத்தைக் கண்டு முகம் சுளிக்காதவர், தையல் பிரிந்த காயத்தைப் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவர். ஆனால் ஆறு காலும் ஒரு ஜோடி மீசையும் அடுப்பு மேடையில் தெரிந்தால் போதும், "ஐயோ!" என்று அவர் போடுகிற சத்தத்தில் தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்குவான். கண்ணாடிக்காரர் மட்டும் பதற மாட்டார். நிதானமாக நடந்து வருவார். கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து, மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஜீவனை நன்றாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"இது நம்ம வீட்டுது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"நிறத்தைப் பாரேன்."

"அப்போ நம்ம வீட்டுது என்ன நிறம்?"

"நம்ம வீட்டுதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே நிறம் சொல்றதுக்கு!"

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குற்றவாளி குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே அதற்குக் குடும்பம் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பா? "அது ஊர்வலம்மா, நம்ம வீட்டு வழியாப் போகுது, தங்காது." கொசுவா? "ஜன்னலைத் திறந்து வச்சா வராம என்ன செய்யும்?" கதவைத் தட்டினால் மாவு கொட்டுகிற துணி அலமாரியா? "கடைக்காரன் கரையானோடவே கொடுத்துட்டான்." அலமாரி வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் அந்தக் கரையான் வாயைக் கட்டிக்கொண்டு விரதம் இருந்திருக்கிறது, பாவம். சுவரில் பல்லியைக் காட்டினால், "அது பூச்சியே இல்ல, காவல்காரன்" என்பார்.

"திருடனே இல்லாத வீட்ல காவல்காரன் எதுக்குப்பா?" என்று கேட்டாள் மகள். கல்லூரிக்குப் போகிறவள், அம்மாவின் வாய். இன்னொரு நாள் அவளே, "அப்பா, 'வந்திருக்கு'ன்னு சொன்னா அதுக்குள்ளயே ஒரு 'இருக்கு' இருக்கே, கவனிச்சீங்களா?" என்றாள்.

"நீ படிக்கிறது கணக்கு. தமிழை விட்டுடு" என்றார் கண்ணாடிக்காரர்.

அழையா விருந்தாளி எங்கிருந்து வருகிறான் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மேல்வீடு. அங்கே தையல்காரம்மா ஒருவர், இரண்டு மெஷின், மூட்டை மூட்டையாகத் துணி. போதாதா? கண்ணாடிக்காரர் எப்போதாவது ஒன்றைப் பிடித்துவிட்டால் கொல்ல மாட்டார். கண்ணாடி வைக்கிற கூட்டுக்குள் போட்டுப் 'பட்'டென்று மூடி, பதினாறு படி ஏறி, கதவைத் தட்டி, தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிற யோக்கியனைப் போல நீட்டுவார்.

"உங்களோடது ஒண்ணு கீழ வந்துடுச்சு."

"இதுல என் பேரு எழுதியிருக்கா சார்?" என்பார் தையல்காரம்மா, வாயில் குண்டூசியோடு. கதவு சாத்தப்படும். கண்ணாடிக்காரர் திரும்பி வந்து, கூட்டை மாடிப்படி வளைவில் திறந்து உதறிவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு காபி கேட்பார். அவர் வந்து உட்காருவதற்குள் அதுவும் வந்து சேர்ந்துவிடும். வந்தாரை வாழவைக்கிற வீடல்லவா!

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரியில், பெரிய டாக்டர் நோயாளிகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வரும் நேரத்தில், அந்த அம்மா பேனா எடுக்கக் கைப்பையைத் திறந்தார். பேனாவுக்கு முன்னால் வேறொன்று வெளியே வந்தது. மேசைமேல் ஓடி, நோயாளியின் படுக்கை விரிப்பில் ஏறி, டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கி நின்றது. வார்டே திரும்பிப் பார்த்தது. "எங்கேருந்து வந்துச்சு இது?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டிலேருந்து சார்" என்றார் அந்த அம்மா. இருபது வருஷ சர்வீஸ். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே இதைச் சொன்னார். கண்ணாடிக்காரர் முழுவதும் கேட்டார். மனசு கேட்காமல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"ஆஸ்பத்திரின்னா ஆயிரம் பேர் வந்து போற இடம்மா. அங்கேருந்துதான் உன் பைக்குள்ள ஏறியிருக்கும்."

அந்த அம்மா கையை உருவிக்கொண்டார்.

அந்த வாரமே கட்டடத்துக்காரர்கள் கூடி, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வீட்டுக்கும் ஒரே மூச்சில் மருந்தடிப்பது என்று முடிவு செய்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு தாளை ஒட்டினார்கள். "வீட்டில் பூச்சி இருக்கிறதா?" என்று தலைப்பு, எதிரே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஓர் இடம். எட்டு வீட்டுக்காரர்களும் "இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். தையல்காரம்மா "நிறைய இருக்கிறது" என்றே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

"நீங்க எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை" என்றார் மனைவி. "எழுதிட்டு வாங்க. நோயே இல்லேங்கிற நோயாளிக்கு எந்த டாக்டரும் மருந்து கொடுக்க முடியாதுங்க."

கண்ணாடிக்காரர் பேனாவோடு இறங்கினார். நிஜமாகவே எழுதத்தான் போனார். ஆனால் தாளுக்கு முன்னால் நின்றதும், மேலேயும் கீழேயும் ஊரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கொட்டை எழுத்தில் "இல்லை" என்று எழுதினார். பக்கத்தில் அழகாகக் கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கூட அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது அந்த அம்மா தாளைப் பார்த்தார். மறுபடி மேலே ஏறி வந்தார். நாலு புடவையை உதறி உதறி மடித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். 'இருக்கு'ன்னு ஒரு வார்த்தை என்னைக்கு உங்க வாயில வருதோ, அன்னைக்குக் கூப்பிடுங்க."

"சும்மா பயமுறுத்துறா. ரெண்டு நாள்ல வந்துடுவா" என்றார் கண்ணாடிக்காரர் மகளிடம். நாலு நாள் ஆயிற்று. வீட்டில் "ஐயோ!" சத்தமே இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சொல்வதற்கு ஆள் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்காரர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தார். எட்டு வீட்டில் அடித்தார். ஒன்பதாவது வீட்டு வாசலில் நின்று, கீழேயிருந்து பிரித்தெடுத்து வந்த தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதையாக வணக்கம் வைத்து, தாண்டிப் போனார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் கை கழுவப் போனார். குழாய் ஓரத்து ஓட்டையில் ஒரு மீசை தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், ஐயா, என்னத்தைச் சொல்ல, மூட்டை முடிச்சு ஒன்றுதான் குறை! எட்டு வீட்டுக் கரப்பானும் குஞ்சுகுளுவானோடு, மருந்து நாற்றம் தாங்காமல், மருந்தே படாத ஒரே ஒரு வீட்டைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தன. மேல்வீட்டுக் குழாய் வழியாக வருவதை அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லிவந்த ஒரு வாக்கியம் அன்றுதான் முதல் தடவையாக உண்மையாகியிருந்தது!

அந்த ஆனந்தத்தில் ஒன்றைப் பிடித்துக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டு, படியைத் தாவித் தாவி ஏறினார்.

"இந்தத் தடவை சத்தியமா உங்களோடது!"

தையல்காரம்மா கதவைப் பாதி திறந்தார். உள்ளே வீடு பளிச்சென்று இருந்தது.

"எங்க வீட்ல கிடையாது சார்" என்றார்.

கண்ணாடிக்காரர் கூட்டோடு திரும்பினார். அவருடைய வாக்கியம், அவருடைய குரல்கூட. கீழே ஓடி வந்து மருந்துக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"உடனே வாங்க. எங்க வீட்ல நிறைய வந்திருக்கு."

"வந்திருக்கா, இருக்கா சார்?"

"வந்திருக்கு."

"வந்தது தானாப் போயிடும் சார். இருக்கிறதுக்குத்தான் நாங்க அடிக்கிறது. நீங்கதான் இல்லேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

மகள் நாற்காலிமேல் ஏறிக் குந்திக்கொண்டு, "அம்மாவைக் கூப்பிடுங்கப்பா" என்றாள். சிரிக்கவில்லை. கெஞ்சினாள்.

கண்ணாடிக்காரரும் இன்னொரு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு கூப்பிட்டார். மறுமுனையில் மனைவியின் குரல் கேட்டது.

"இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"கரப்பான். வீடு பூரா இருக்கு."

"எங்கேருந்து வந்துச்சாம்?"

அடடா, எப்பேர்ப்பட்ட கேள்வி! உண்மையைச் சொல்லலாம். கண்கண்ட சாட்சி அவரே. மேல்வீட்டிலேருந்து வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். வாய் வரை வந்துவிட்டது. மனிதர் முழுங்கினார். கசப்பு மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்.

"எங்கேருந்தும் வரலம்மா. நம்ம வீட்டுதுதான்."

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

"அவ்வளவும் இன்னைக்குக் குழாய் வழியா இறங்கினது. தையலக்கா இப்பத்தான் போன்ல சொன்னாங்க" என்றார் மனைவி. குரலில் சிரிப்பு இருந்தது. "மருந்துக்காரர்கிட்ட நானே பேசிக்கறேன். வரேன், இருங்க."

சாயங்காலம் வந்தார். மருந்துக்காரரும் வந்து, அடித்து, போனார். ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். கண்ணாடிக்காரர் முகத்தில் அப்படி ஒரு பணிவு, அப்படி ஒரு ஞானம். திருந்திவிட்டார் என்று நானே நம்பினேன். அப்போது அந்த அம்மா துணிப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒன்று, சின்னதுதான், ஓடிப் படியில் குதித்தது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார்.

"இது உங்க அக்கா வீட்டிலேருந்து..."

"எங்க அக்கா வீட்லயா?" என்று சீறினார் மனைவி. "அங்க ஒண்ணு கூடக் கிடையாது, தெரியுமா!"

மகள் காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்கள் சித்தப்பாவோ மாமாவோ அப்படியே இவர்தான் என்று யாரிடமாவது சொல்லத் துடிக்கிறீர்கள். சொல்லுங்கள். அதற்கு முன்னால் கையில் இருக்கிற இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில், முதுகுப் பக்கம், பொடிப் பொடியாக எதுவோ அரித்த மாதிரி இருக்கிறதே, பார்த்தீர்களா?

தெரியும், தெரியும். கடையில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது!